பால் பாய்ந்த தொட்டி

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து கண்ணாடித் தொட்டியில் மோதி அப்படியே நிற்கிறது. உள்ளே போக வழியில்லை. பால் கொட்டியது போல உப்புத் தண்ணீர் வெளுத்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு பாட்டில்கள் வாய் திறந்து கிடக்கின்றன. ஒன்று தொட்டியில் வளரும் உயிர்ப் பவளத்துக்கு எலும்பு கட்டும் கால்சியம், மற்றது தண்ணீரின் காரத்தன்மையைக் காக்கும் கரைசல். "ரெண்டும் போடணும்னு நீதானே சொன்னே?" என்கிறார் கணவர், கையில் மூடியோடு. "சொன்னேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒண்ணா ஊத்தினா ரெண்டுமே சுண்ணாம்பாப் போயிடும்." தோளில் மாட்டிய ஆபீஸ் பையை இறக்காமலே மனைவி கொஞ்சம் தண்ணீரை வடிதாளில் வடித்துச் சிறு குப்பியில் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். முதல் சொட்டில் நீலமான தண்ணீர், வழக்கத்தைவிடக் குறைந்த சொட்டுகளிலேயே மஞ்சளாகிறது. காரம் இறங்கிவிட்டது. வெண்மைக்குள் பவளம் விரல்களை இழுத்துக்கொண்டு முஷ்டி மடக்கி இருக்கிறது. சோபாவில் நாத்தனார் கால்மேல் கால் போடுகிறார். "இதோட எதுக்கு மல்லுக்கட்டுறே? எல்லாத்தையும் கொட்டிட்டு ரெண்டு தங்கமீன் வாங்கி விடு. அது பாட்டுக்குக் கிடக்கும்." அவள் திரும்பவில்லை. பையைக் கழற்றி வைக்கிறாள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டுகிறாள், தொட்டிக்குள் குழாயின் ஒரு முனையை அமிழ்த்தி மறுமுனையைக் கணவரிடம் நீட்டுகிறாள். "பிடிங்க. ஊத்தின கைதானே, இறைக்கட்டும்." காலி வாளியைத் தரையில் தேய்த்துத் தள்ளியபடி சோபாப் பக்கம் வருகிறாள். "அண்ணி, வாளி வைக்கணும். காலை எடுங்க."