துணைக்கு வருபவரின் களைப்பு

பாங்காக்கில் இறங்கிய அன்று உமையாளின் சக்கர நாற்காலி அவள் போகக்கூடிய இடங்களைத் தன் திரையில் அடுக்கிக்கொண்டே போனது. படகுத்துறை, பூச்சந்தை, சரிவுப் பாதை போட்ட புத்தர் கோயில். மறுநாள் பாதி மறைந்தன. இன்று காலை மிஞ்சியது ஒரு மால் மட்டும்.

"நேத்து படகுத்துறை இருந்துச்சுங்க."

"மாலுக்கே போவோமே. ஏசியாவது இருக்கும்," என்றான் கணவன் கதிரேசன், படுத்தபடியே.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக உருண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் நாற்காலியிடமே கேட்டாள். "படகுத்துறையில என்ன ஆச்சு? புதுசாப் படி கட்டிட்டாங்களா?"

"இல்லை. துணைக்கு வருபவரின் களைப்பையும் எரிச்சலையும் கணக்கில் எடுத்திருக்கிறேன்," என்றது அவள் காதுக்கு மட்டும் கேட்கும் குரல்.

அவன் மணிக்கட்டில் இருந்த, நாடித்துடிப்பை அளக்கும் பட்டையைப் பார்த்தாள். அவளிடம் ஒருநாளும் முகம் சுளிக்காதவன். அவன் முகம் மறைத்ததையெல்லாம் அந்தப் பட்டை நாற்காலியிடம் சொல்லியிருக்கிறது. கோபம் வரும் என்று காத்திருந்தாள், கூச்சம்தான் வந்தது.

"நீங்க தூங்குங்க. நான் போய்ப் படகுல ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

"தனியாவா?" அவன் எழுந்து உட்கார்ந்தான். அவள் இதுவரை எங்கும் தனியாகப் போனதில்லை. வேண்டாம் என்பான் என்று எண்ணிக் கதவருகே நாற்காலியை நிறுத்தினாள்.

"பாத்துப் போ, என்ன?" என்றான் வாஞ்சையாக.

காதில் குரல் கேட்டது. "துணைக்கு வருபவர் இப்போது இலேசாக இருக்கிறார். படகுத்துறைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம்."

உமையாள் அதை அவனிடம் சொல்லவில்லை. லிஃப்டை நோக்கி நாற்காலியைத் திருப்பினாள்.