மயில் தூண்

"எழுந்திரு வனஜா. எல்லாரும் நிக்கிறாங்க பாரு."

"முட்டி வலிக்குது. நீ உன் கதையைச் சொல்லு."

கஜபதிக்குச் சுர்ரென்று ஏறியது. பெண்டாட்டியோடு மல்லுக்கட்டுகிற நேரமா இது? திருமுல்லைவாயில் ஏரிக்கரை மண்டபத்தைப் பார்க்க ஒரு வேன் நிறைய வெளியூர்க்காரர்கள் வந்து நிற்கிறார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேறு. ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகி வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு, ஊரைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்லும் வேலை வந்திருக்கிறது. இன்றைக்கு வெள்ளோட்டம். டிராவல்ஸ்காரப் பெண் அகல்யாவுக்குப் பிடித்துவிட்டால் வாராவாரம் இவர்தான்.

ஏரி, நாரை, பழைய மதகு என்று எல்லாம் ஜோராகத்தான் போனது. மண்டபத்துக்கு வந்துதான் மாட்டிக்கொண்டார்.

தூண்களில் வருஷக்கணக்காக அப்பிக் கிடந்த சுண்ணாம்பை இப்போதுதான் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரு சிற்பம். கடைசித் தூண் நேற்று சாயங்காலம்தான் முடிந்தது. அதில் மயில் இருக்கிறதாம், கஜபதியே இன்னும் பார்க்கவில்லை. விடிந்ததும் துடைப்பத்தோடு வந்து மண்டபத்தைக் கூட்டிய வனஜா, அந்தத் தூணில்தான் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா போட்டோ எடுத்துக்குவோம்," என்றாள் அகல்யா.

"மயிலு என் தலைக்கு மேலதான கீது. எடுத்துக்கோ கண்ணு."

முந்தானையை விரித்து இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். யாரோ சிரித்தார்கள். கஜபதிக்கு மானமே போனது. இந்த வேலை வந்த நாளிலிருந்தே 'வெயில்ல சுத்திக்கினு இது எதுக்கு' என்று முணுமுணுத்தவள்தானே. வேண்டுமென்றே பண்ணுகிறாள்.

அப்போது பின்னால் கரக் கரக் என்று ஒரு சத்தம். வேனில் வந்த இளைஞன் ஒருவன், பக்கத்தில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, பைக் சாவியால் எதிர்த் தூணில் கீறிக்கொண்டிருந்தான். வனஜா மேலிருந்த கோபமெல்லாம் அவன் மேல் பாய்ந்தது.

"தம்பி, உன் பேரு இன்னா?"

"லிபின்."

"சத்தமா சொல்லு. ஊருக்கே தெரியணும்னுதான கல்லுல எழுதற?"

"லிபின் சார். சாரி சார்."

"இத்தச் செதுக்கினவன் எவனாவது தன் பேரை எழுதிக்கினானா? நீ யாரு எழுதறதுக்கு? சோத்துல உப்பு போட்டுத்தான துன்ற?"

பையன் தலை தொங்கிப்போனது. அந்தப் பெண்ணுக்கு அழாத குறை. கூட்டம் கைதட்டியது.

"விடுய்யா, சின்னப் பசங்க," என்றாள் வனஜா.

"நீ சும்மா இருமே," என்று அவளுக்கும் ஒரு அதட்டல் விழுந்தது.

வேன் கிளம்பும்போது அகல்யாவின் முகமெல்லாம் சிரிப்பு. "அந்தப் பையனைக் கேட்டீங்களே சார், அதுதான் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. இனிமே ஞாயித்துக்கிழமைதோறும் நீங்கதான்."

கஜபதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினார்.

"வேலை கெடைச்சிடுச்சு, உன் தயவு இல்லாமலே. இப்பவாவது எழுந்திரு. மயிலை நானும் பாக்கணும்."

வனஜா வேன் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் தூணைப் பிடித்து எழுந்து, விலகி நின்றாள்.

மயில் அழகாகத்தான் இருந்தது. அதன் காலடியில், ஆணியால் ஆழமாகக் கீறி, அம்பு துளைத்த ஒரு இதயம். நடுவில் 'கஜபதி – ரேவதி'.

வனஜாவைப் பெண் பார்ப்பதற்கெல்லாம் முன்னால், மீசை அரும்பிய வயதில் செய்தது. சுண்ணாம்பு மூடியதோடு, மயிலையும் சேர்த்து அவர் மறந்தே போயிருந்தார். இந்த ஊரில் இன்னொரு கஜபதியும் கிடையாது.

வனஜா முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஊட்லருந்து ஒரு தலகாணி எடுத்துக்கினு வா. கல்லு குத்துது."