முத்து குதிக்காது

அவள் மகள் தாரணியின் கால்களில் இருந்த புள்ளிகளை எண்ணினாள்.

முப்பத்தொன்று.

முழங்காலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை. மார்பு தெளிவாக இருந்தது. முகமும் தெளிவாக இருந்தது. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

நிலைப்படியில் வேப்பிலை தொங்கியது. இன்று நான்காம் நாள்.

நான்கு நாள்களாக அந்த வீடு கூட்டப்படவில்லை. போர்வை துவைக்கப்படவில்லை. தாரணியின் உடலில் ஒரு சொட்டு நீர் படவில்லை. அம்மை கண்ட வீட்டில் இவை யாவும் விலக்கப்பட்டவை.

விலக்கி வைத்தவள், கணவனின் அக்கா நாச்சம்மாள். சிறு வயதில் அம்மை கண்டவள் அவள். ஆகவே குழந்தையின் அருகில் இருக்கும் தகுதி தனக்கே உண்டு என்றாள். ஒருமுறை வந்த உடம்புக்கு ஆத்தா மறுமுறை வரமாட்டாள் என்று தெருவுக்கே சொல்லியிருந்தாள். சேலையைப் பாதம் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரம் அமர்ந்திருந்தாள்.

"முத்தெல்லாம் காலுக்கு எறங்கீருச்சு பாரு. நல்லதுதான். இன்னும் ஏழு நாளு, ஆத்தா குளுந்துருவா."

கணவன் லாரியோடு நாக்பூரில் இருந்தான். அக்கா சொல்கிறபடி கேள் என்று கைபேசியில் கூறிவிட்டு வைத்துவிட்டான்.

தாரணி சொரிந்தாள். சொரிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. முன்பு கசிந்தது அதனடியில் காய்ந்திருந்தது.

ஏழு நாள்.

அவள் வேப்பிலைக் கொத்தால் மகளின் பாதத்தை வருடினாள். போர்வையின் மடிப்பில் ஒரு கரும்புள்ளி இருந்தது. கடுகினும் சிறியது. அவள் விரலை அருகே கொண்டுபோனாள்.

புள்ளி தாவியது.

முத்து குதிக்காது.

மகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எழுதப்படாத தாள் ஒன்றைக் கிழித்தாள். போர்வையை அதன்மேல் உதறினாள். மிளகுத் தூளைப் போல் ஏதோ உதிர்ந்தது. அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டாள்.

கறுப்பு கரைந்தது. சிவப்பாகப் பரவியது.

அது தாரணியின் இரத்தம். குடித்துக் கழிக்கப்பட்ட இரத்தம்.

அவள் பரணை நிமிர்ந்து பார்த்தாள். சென்ற மாதம் அங்கே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. பத்து நாள்களுக்கு முன்பு, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வெளியேறியது. கவ்வ முடியாதவற்றை விட்டுச் சென்றிருக்கிறது.

"நங்கையா, இது ஆத்தா இல்லீங்க. தெள்ளுப்பூச்சி."

அவள் நீட்டிய தாளை நாச்சம்மாள் பார்க்கவில்லை.

"ஆட்டுப்பட்டியில பொறந்து வளந்தவளுக்கு, ஆத்தா வந்தாலும் தெள்ளாத்தான் தெரியும்."

உண்மை. அவள் ஆட்டுப்பட்டியில் வளர்ந்தவள்.

ஆகவேதான் தெரிந்தது.

அவள் எழுந்தாள். கதவுக்குப் பின்னால் சாத்தப்பட்டிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

"சீமாத்தக் கீழ போடு புள்ள! ஆத்தா கோவிச்சுக்கிட்டா ஆரு பதில் சொல்றது?"

"நாந்தானுங்க. எம்பேரச் சொல்லுங்க."

நாச்சம்மாள் வாசலுக்குச் சென்று, தெருவைப் பார்த்து அமர்ந்துகொண்டாள்.

பரணிலிருந்து பழைய சாக்குகள் இறங்கின. கொல்லையில் அவற்றுக்குத் தீ வைக்கப்பட்டது. போர்வை கொதிநீரில் அமிழ்ந்தது. பாய் மொட்டைமாடியின் உச்சி வெயிலுக்குப் போனது. அவள் கூடத்தைக் கூட்டினாள். மூலைகளைக் கூட்டினாள். கூட்டிய தூசியைச் சோப்புத் தண்ணீரில் கொட்டினாள். கூட்டிய இடத்தையே மீண்டும் கூட்டினாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் நிமிரவில்லை.

பிறகு நிலைப்படிக்கு வந்தாள். நாச்சம்மாளின் தலைக்கு மேலே கையை உயர்த்தி, வேப்பிலையை அவிழ்த்தாள். அண்டாவிலிருந்த வெதுவெதுப்பான நீரில் அதைப் போட்டாள். அந்த நீரால் மகளைக் குளிப்பாட்டினாள், தலை முதல் கால் வரை.

தாரணி நீரைக் கையால் அடித்தாள். நான்கு நாள்களில் முதன்முறையாகச் சிரித்தாள். அந்த ஒலி வாசல்வரை சென்றிருக்கும்.

மாலை விளக்கு வைக்கும் வேளை. ஒருநாள் கூட்டினால் தெள்ளு ஒழியாது. இண்டு இடுக்குகளில் இன்னும் இருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். நாளையும் கூட்டுவாள். நாளை மறுநாளும் கூட்டுவாள்.

அம்மனுக்கு ஏற்றிய அகல் மூலையில் எரிந்துகொண்டிருந்தது.

அவள் அதை அணைக்கவில்லை. எடுத்தாள். அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அகலை அதன் நடுவில் வைத்தாள். தட்டைக் கூடத்தின் மையத்தில் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பட்டியில் இப்படித்தான் செய்வார்கள். தெள்ளு வெளிச்சத்தை நோக்கித் தாவும்.

ஒன்று தாவியது. நீரில் விழுந்தது. எழவில்லை.

பிறகு மூன்று. பிறகு ஆறு.

நாச்சம்மாள் உள்ளே வந்தாள். ஆத்தாளின் விளக்கு இருந்த மூலையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். தட்டின் அருகே அமர்ந்து, நீரில் மிதந்தவற்றை வெகுநேரம் உற்று நோக்கினாள்.

பின்னர், சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே உயர்த்தினாள்.

அங்கும் புள்ளிகள் இருந்தன. சில சிவந்தவை. பல காய்ந்து கறுத்தவை. தாரணியின் புள்ளிகளைவிடப் பழையவை.

அவள் பார்த்தாள். தான் பார்த்ததை நாச்சம்மாள் பார்க்கும்வரை பார்த்தாள்.

சுடர் தாழ்ந்தது.

நாச்சம்மாள் எழுந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். அகல் நிறைய ஊற்றினாள். திரியைத் தூண்டினாள். விளக்கின் முன்னே வழக்கம்போல் இரு கைகளையும் உயர்த்தினாள்.

கைகள் பாதியில் நின்றன.

ஒன்று கீழிறங்கி, கணுக்காலைச் சொரிந்தது.