சார் வரலையா?

தன்னை வாங்கப்போகிறவரை வீடே பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் காலம் அது. யாருக்கும் மசியாத வீடுகளை வழிக்குக் கொண்டுவந்தே குமுதா பெரிய முதலீட்டாளராகியிருந்தாள்.

மடிப்பாக்கத்து வீடு கேட்டைத் திறக்காமலே கேட்டது. “சார் வரலையாம்மா?”

“நான்தான் வாங்குறேன். சார்னு யாரும் இல்ல.”

“தனி ஆளுக்கு இடமில்லம்மா. ஓனர் போட்ட ரூல்.”

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்த தன்னிடம் அந்த ஓனர் சொன்னதும் இதேதான்.

“அவர் இப்ப எங்க?”

“அவர் சம்சாரம் தவறிட்டாங்க. தனி ஆளாயிட்டாரேன்னு வெளிய அனுப்பிட்டேன்.”

“தெரியும். என் கார்லதான் உட்கார்ந்திருக்கார். இங்கயே அவரை வாடகைக்கு வைக்கப்போறேன்.”

கேட் சட்டென்று திறந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்தன.

“சாரும் வந்திருக்கார்னு முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?”