சிவப்பு மூஞ்சி

“மறுபடியும் சிவப்பு. உன் வார்டு முழுக்கச் சிவப்பு. இதுக்கு என்ன சொல்றே, கவிநிலா?”

நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் கீதாஞ்சலி, கையிலிருந்த டேபை நர்ஸ் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் மூன்று மூஞ்சிகள். சிரிக்கிற பச்சை, சும்மா இருக்கிற மஞ்சள், முறைக்கிற சிவப்பு. வேங்கிக்காலில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் இது புது ஏற்பாடு. சாயங்காலமானால் ரிசப்ஷனிலிருந்து ஒருவர் டேபோடு கட்டில் கட்டிலாக வருவார். ‘நர்ஸ் உங்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறார்?’ என்று திரை கேட்கும். நோயாளி ஒரு மூஞ்சியைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் நர்ஸ் வார்டில் இருக்கக் கூடாது.

“எனக்கே புரியலை மேடம்.”

“எலும்பு முறிஞ்சு மாசக்கணக்கா படுத்திருக்கறவங்க. எரிச்சல் இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தர்கூடவா பச்சையைத் தொட மாட்டாங்க? எம்.டி. கேக்கறார். இன்னிக்கும் இப்படியே வந்தா உன்னை வேலைல வெச்சுக்கறது கஷ்டம்.”

கவிநிலா முகத்தைக் கழுவிக்கொண்டு பெண்கள் வார்டுக்குத் திரும்பினாள்.

“எங்க போயிட்டே கண்ணு? மூஞ்சி ஏன் வாடிப் போச்சு? சாப்ட்டியா?”

கேட்டவர் சரோஜா. பூக்கடைக்காரர். கிரிவலம் போன இடத்தில் மழையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தவர்.

‘எதிர்ல கண்ணு. முதுகுக்குப் பின்னால சிவப்பா?’ என்று நினைத்துக்கொண்டாள் கவிநிலா.

“சாப்ட்டேன்க்கா.”

“பாப்பா, என் கையை இன்னொரு வாட்டி காட்டேன்” என்றார் அடுத்த கட்டில் எல்லம்மாள். மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை சரிந்து கை முறிந்தவர்.

வார்டு டேபில் எக்ஸ்ரேவைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள் கவிநிலா.

“இதோ, இந்த எடம். போன வாட்டி கோடு பெருசா இருந்துச்சு. இப்ப பாருங்க, ஒட்டிக்கினு வருது.”

எல்லம்மாள் பக்தியோடு திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தொட்ட வேகத்தில் படம் நழுவி, பக்கத்துக் கட்டில் கஸ்தூரியின் கணுக்கால் வந்து நின்றது.

“என் காலை ஏம்மா கும்பிடறீங்க!” என்று கத்தினார் கஸ்தூரி. கலெக்டர் ஆபீசில் கிளார்க். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்.

வார்டே குலுங்கிச் சிரித்தது. கவிநிலாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் டேபோடு கீதாஞ்சலியே வந்தார். வெளியே போகக் கிளம்பிய கவிநிலாவைத் தடுத்தார்.

“நீயும் இரு. என்னங்கம்மா, இந்தப் பொண்ணு உங்களை எப்படிப் பார்த்துக்கறா? எனக்கு வாயாலயே சொல்லுங்க.”

கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

“ஏதோ… பாக்குதும்மா” என்றார் சரோஜா, மின்விசிறியைப் பார்த்தபடி.

கவிநிலாவின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

“சரி. பிடிக்கலைன்னா விடுங்க. நாளைலேருந்து வேற நர்ஸ் வருவாங்க. இவளை வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

“அய்யய்யோ, வீட்டுக்கா!” எல்லம்மாள் கட்டுப்போட்ட கையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“இந்தப் புள்ளையை அனுப்பினீங்கன்னா இங்க ஒருத்தரும் மாத்திரை முழுங்க மாட்டோம், ஆமா!” சரோஜா போட்ட சத்தத்தில் எலும்பு சேரக் காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த எடை ஆடியது.

“திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள், மேடம். ஸ்ட்ரெச்சர்ல போயாவது கலெக்டர்கிட்ட மனு குடுப்போம்” என்றார் கஸ்தூரி.

கீதாஞ்சலிக்குத் தலை சுற்றியது.

“உங்களுக்குத்தானே இவளைப் பிடிக்கலை?”

“யாரு சொன்னது?”

“நீங்கதான்!” டேபைத் தூக்கிக் காட்டினார்.

“அது கெடக்கட்டும்மா. இந்தப் பொண்ணு இந்த வார்டை வுட்டு எங்கயும் போவாதுன்னு சொல்லுங்க” என்றார் சரோஜா.

“சரி, மாத்தலை.”

“எது நடந்தாலுமா?”

“எது நடந்தாலும்.”

“அண்ணாமலையார் மேல சத்தியமா?”

“சத்தியம். போதுமா?”

“இப்ப குடுங்க அதை!”

டேபைப் பிடுங்கி, பச்சை மூஞ்சியை ஓங்கித் தொட்டார் சரோஜா. ‘டிங்.’ எல்லம்மாள் இடது கையால் ஒரு ‘டிங்.’ கஸ்தூரி ஒன்று போதாதென்று இரண்டு. டேப் கட்டில் விட்டுக் கட்டில் போனது. வார்டு முழுக்க மணிச் சத்தம்.

கவிநிலா அழுதுகொண்டே சிரித்தாள்.

“அப்புறம் ஏன்க்கா இத்தனை நாளா சிவப்பைத் தொட்டீங்க? என் வேலையே போயிருக்கும்!”

சரோஜா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“வேலைக்கே வெனையாவும்னு சத்தியமா எங்களுக்குத் தெரியாது கண்ணு. உனக்கு முன்னாடி ஆர்த்தின்னு ஒரு நர்ஸ் இருந்துச்சு. தங்கமான பொண்ணு. ஆசை ஆசையா எல்லாரும் பச்சையைத் தொட்டோம். நல்ல நர்ஸாச்சேன்னு, மேல் மாடி ஏசி ரூமுக்குத் தூக்கினு போயிட்டாங்க. உன்னையாவது எங்களுக்குன்னு வெச்சுக்கலாம்னுதான் சிவப்பு!”