தட்டிக் கொடுத்தல்

மைக்கை நீட்டிய கையைத்தான் முதலில் பார்த்தாள். முகத்தை அப்புறம்தான்.

அந்தக் கை முழுசாக நீளாது. முழங்கையில் ஒரு மடக்கு நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

யமீலா.

கழுத்தில் வெண்கலப் பதக்கம் இன்னும் உடம்புச் சூடு ஏறாமல் ஜில்லென்று கிடந்தது. தோளில் அர்ஜென்டினாக் கொடி. பான் அமெரிக்கப் போட்டியில், ஜூடோவில், நாட்டுக்கு இந்த முறை கிடைத்த முதல் பதக்கம். ஒரு நிமிஷம் முன்புவரை உலகத்தில் எந்தக் குறையும் இல்லை.

டி.வி.க்காரர்களுக்குப் பேட்டி எடுக்க வேறு ஆளா கிடைக்கவில்லை?

"நேரலைம்மா," என்றான் கேமராக்காரன். "ஊரே பார்த்துக்கிட்டிருக்கு. சிரிங்க."

சிரித்தாள்.

யமீலாவும் சிரித்தாள். அவள் காதில் ஒரு சின்னக் கருவி. அதற்குள் ஸ்டுடியோக் குரல் கொசு மாதிரி ரீங்கரித்தது.

"என்ன ஒல்லி, சாதிச்சுட்டே போ!"

ஒல்லி. அந்தப் பெயரை வைத்ததே யமீலாதான்.

ஒரே பயிற்சிக் கூடம். ஒரே எடைப் பிரிவு. ஒரே குவளை மாத்தே தேநீரை ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்சியவர்கள். ஆனால் ஓர் எடையில் நாட்டுக்கு ஒருத்திதான் போக முடியும். யமீலாதான் போவாள் என்பது கூடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"கடைசி ஆட்டத்துல அந்த கியூபாக்காரி கையைப் பூட்டிட்டே. அவ லேசா ரெண்டு தட்டு தட்டினா. நடுவர் கையைத் தூக்கறதுக்குள்ள நீயே விட்டுட்டே. இவ்வளவு கூச்சல்ல அந்தத் தட்டு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சுலபமான கேள்வி. பதக்கத்தின் போதை வேறு.

"அதெல்லாம் உடம்புக்குத் தெரியும். ஈ உட்கார்ந்தாலே தெரிஞ்சிடும்!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

ஜூடோவில் இரண்டு தட்டு என்றால் சரணாகதி. தட்டினால் விட்டுவிட வேண்டும். அந்தக் கணமே. யாரும் யாரிடமும் கையடித்து வாங்காத சத்தியம் அது. அதை நம்பித்தான் ஒருத்தி இன்னொருத்தியிடம் கையைக் கொடுக்கிறாள்.

அணித் தேர்வுக்கு முந்தின வாரம். வெளியே மழை. கூடத்தில் ஈ, காக்கை இல்லை. யமீலாவின் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே பூட்டியிருந்தாள்.

இரண்டு தட்டு.

நல்ல, தெளிவான தட்டு. தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

அவள் விடாமல் இடுப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

கோழித் தொடையைப் பிய்க்கும்போது ஒரு சத்தம் வருமே, அது.

பிறகு யமீலாவைவிட அவள்தான் பெரிதாக அலறினாள். ஆம்புலன்ஸில் கூடவே போனாள். "அவ தட்டவே இல்லையே கோச்" என்று அழுது அழுது முகம் வீங்கினாள். கோச் கட்டிலில் கிடந்தவளைத்தான் திட்டினார். "தட்டித் தொலைச்சிருந்தா என்னடி, பிடிவாதம் பிடிச்ச கழுதை!"

"தட்டினேன்" என்றாள் யமீலா.

இடம் பறிபோனவள் சொன்னால் அது பொறாமை என்றுதான் ஊருக்குக் கேட்கும்.

மைக் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. முழங்கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு.

"அப்போ," யமீலாவின் குரல் ஆடவில்லை. "அன்னிக்கு?"

கேமராவின் சிவப்பு விளக்கு இமைக்காமல் பார்த்தது.

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொன்னால் கழுத்தில் பதக்கம் இருக்கும். வேறெதுவும் இருக்காது. சொல்லாமல் நின்றாலும் அதே கதைதான்.

அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

அழுதாள். பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

"நீ இல்லாம நான் ஏதுடி, யமீ!"

மைக்கும் அதைப் பிடித்திருந்த கையும் இரண்டு பேருக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. முழங்கைக்குள் தகடு வைத்திருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டியவளே அவள்தான்.

பதக்கத்தின் விளிம்பை அங்கே வைத்து அழுத்தினாள்.

யமீலாவின் மூச்சு நின்றது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

நல்ல கை எழும்பி அவள் முதுகில் விழுந்தது.

தட்டு.

தட்டு.

கன்னத்தோடு கன்னம். காதுக் கருவிக்குள் ஸ்டுடியோக் குரல் தழுதழுத்தது அவளுக்கும் கேட்டது.

"பாருங்க நேயர்களே, இதுதாங்க நட்பு! தோழியை எப்படித் தட்டிக் கொடுக்கறா பாருங்க!"

மறுபடியும் தட்டு. இந்த முறை வேகமாக.

கேமரா நெருங்கி வந்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.