தினம் மூணு போட்டோ

"வால் இன்னா ஆச்சு நசீமா? பாதிதான் தெரியுது. நாளைக்கு வேற எடுத்துட்டு வா."

கட்டிலில் சாய்ந்தபடி, அசைவு வராத வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஹஸன். பக்கவாதத்தில் குழறிப்போன பேச்சு இப்போதுதான் மெல்லத் தெளிந்துவந்தது.

"நான் சொன்னா நிக்கிறதுக்கு அது இன்னா வீட்டுக் கோழியா? கரிச்சான் குருவி. கம்பியில உக்காந்த வேகத்துல பறந்துடுச்சு" என்றாள் நசீமுன்னிசா, அவர் வாயோரம் வழிந்த டீயைத் துடைத்துக்கொண்டே.

"தெருமுனையிலேயே நின்னா அப்படித்தான். பாலாத்துப் பக்கம் போ."

"அவ்ளோ தூரமா? உங்களை யார் பார்த்துக்கிறது?"

"மாடியில என் தம்பி கவுஸ் பாஷா இருக்கான், பார்த்துப்பான். பயிற்சி குடுக்க வர்ற பிரேம்நாத் சொன்னது ஞாபகம் இல்லே? ஒருதரம் பார்த்ததே மறுபடி வரக்கூடாது."

படுத்திருப்பவருக்கு இந்த அதிகாரம் ஜாஸ்தி என்று முணுமுணுத்தபடி அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

போன வருஷம் அவர்களுடைய ஒரே மகள் இஃப்ரா, ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த மூன்றாம் மாதம், தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய ஹஸன் செருப்பைக் கழற்றும்போதே சரிந்து விழுந்தார். மகள் நினைப்புதான் மனுஷனைச் சாய்த்துவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள்.

கை கால் பயிற்சி கொடுக்க வேலூரிலிருந்து வந்த பிரேம்நாத், முதல் நாள் கிளம்பும்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கை காலை நான் பார்த்துக்கிறேம்மா. மூளைக்கு நீங்கதான் மருந்து தரணும். தினம் மூணு போட்டோ. பூ, பறவை, பூச்சி, எதுவா இருந்தாலும் சரி. நெட்ல எடுத்ததைக் காட்டக் கூடாது, ஒருதரம் காட்டினது மறுபடி வரக்கூடாது. நீங்களே போய் எடுக்கணும்."

"நான் வெளிய போறதில்லை தம்பி."

"அப்ப பாய் எழுந்து நடக்க லேட்டாகும். அப்புறம் உங்க இஷ்டம்."

மருந்து என்று சொன்ன பிறகு எப்படி மறுப்பாள்? மறுநாள் காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலை ஒட்டிய முருங்கை மரம் வரைக்கும் போய்வந்தாள். முதல் போட்டோவில் பாதி முருங்கைப்பூ, மீதி அவள் கட்டைவிரல். ஹஸன் அதை ஐந்து நிமிஷம் பார்த்தார். "விரல் நல்லா வந்திருக்கு" என்று குழறினார்.

அப்படித் தொடங்கியது, முருங்கையிலிருந்து தெருமுனைக்கும், தெருமுனையிலிருந்து குட்டைக்கும் போனது. அருகம்புல்லில் தொங்கும் பனித்துளி, எருக்கம்பூவில் தலைகீழாக நிற்கும் கட்டெறும்பு, சாக்கடை ஓரம் பூத்த பெயர் தெரியாத மஞ்சள் பூ. ஐம்பது வருஷம் இந்த ஊரிலேயே இருந்தும் இதையெல்லாம் எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

பாலாற்றங்கரைக்குப் போன முதல் நாள், ஒரு செடியின் இரண்டு இலைகளை ஒன்றுசேர்த்து உள்ளே கூடு கட்டியிருந்தது ஒரு தையல்சிட்டு. நசீமுன்னிசா குனிந்து பார்த்தாள். பஞ்சு நூலில் ஒன்று விட்டு ஒன்றாகத் தையல்! இருபது வருஷம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்த கண்கள் அவளுடையவை.

"தையல் கோணலா இருக்குடி. எங்க சூப்பர்வைசர் பார்த்தா ரிஜெக்ட்தான்" என்று சிட்டிடம் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்த சத்தம் அவளையே திடுக்கிட வைத்தது. மகள் போனபின் அவள் கேட்காத சத்தம் அது. அப்படியே மணலில் உட்கார்ந்து, ஆசை தீர அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது கூட்டுக்குள் மூன்று சின்ன அலகுகள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. போட்டோ எடுத்தாள். திரும்பும் வழியில், மாதக்கணக்கில் வராத பசி வந்தது.

அன்று அந்தப் படத்தை ஹஸன் நெடுநேரம் கீழே வைக்கவே இல்லை.

ஆறு மாதத்தில் அவர் கம்பை ஊன்றி வாசல்வரை நடந்தார். பிரேம்நாத் வந்த கடைசி நாளன்று, நசீமுன்னிசா விடியற்காலையிலேயே எழுந்து பிரியாணி செய்து, கத்திரிக்காய் தொக்கும் சேர்த்து ஒரு கேரியரில் கட்டி வைத்திருந்தாள். பைக் வரைக்கும் வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. உங்க போட்டோ வைத்தியம்தான் அவரை எழுப்பி நடக்க வெச்சுது. அந்தச் சாக்குல எனக்கும் மனசு லேசாச்சு. அஞ்சு வேளைத் தொழுகையிலயும் உங்களுக்காக துவா செய்றேன்."

பிரேம்நாத் கேரியரை வாங்கிக்கொண்டு சங்கடமாக நின்றார்.

"பாய் நடக்கிறது எக்சர்சைஸாலதாம்மா. போட்டோ வைத்தியம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"அப்ப ஏன் தம்பி அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

பிரேம்நாத் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் நாள் நீங்க டீ போட உள்ள போனப்ப, பாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரும்மா. வாய் குழறி நாலு தடவை சொன்னப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. 'என் கை காலு மெதுவா வரட்டும் தம்பி. பொண்ணு போனதிலேர்ந்து என் வீட்டுக்காரி வாசப்படியைத் தாண்டலை. ஏதாவது பொய் சொல்லி அவளை வெளிய அனுப்பு.'"